வென்ற பிரசாரங்களை மட்டும் பார்த்து இலக்கு வைக்கலாமா?

கேள்வி: பலாப்பழத்தைக் கையில் பிசின் ஒட்டாமல் பிளந்து சுளை எடுக்க உதவும் எவர்சில்வர் கருவி ஒன்றை நானும் என் தம்பியும் வடிவமைத்திருக்கிறோம். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு பட்டறை, அச்சுக்கு 1,80,000 ரூபாயும், 500 கருவிகள் செய்தால் ஒன்றுக்கு வரி நீங்கலாக 780 ரூபாயும் கேட்கிறது. வெளிநாடுகளில் சிறிய இலக்கு வைத்துப் பல கோடி திரட்டிய கிரவுட்ஃபண்டிங் (பொருளைச் செய்யும் முன்பே இணையத் தளம் வழியாகப் பலரிடம் பணம் திரட்டுவது) பிரசாரங்களைப் பார்த்து, நாங்களும் 1,499 ரூபாய் விலையில் 3 லட்சம் ரூபாய் இலக்கு வைக்க நினைக்கிறோம். எஃப்.டி.யில் 4 லட்சம் இருக்கிறது. அதைத் தொடாமல், நகைக்கடன் வாங்கி அச்சு வேலையை இப்போதே தொடங்கலாமா? பணம் தருபவர்களுக்கு லாபத்தில் பங்கு தருவதாக அறிவித்தால் நிறையப் பேர் சேருவார்கள் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார்.
– வாசகி, பண்ருட்டி

பதில்: நீங்கள் குறித்திருக்கும் 3 லட்சம் ரூபாய் இலக்கு அப்படியே நிறைவேறினால், உங்கள் சொந்தப் பணத்தில் ஏறத்தாழ 1,70,000 ரூபாய் போய்விடும். இலக்கை எட்டாமல் போவதைவிட எட்டிவிடுவதே உங்களுக்கு இப்போது பெரிய ஆபத்து என்பதால், முதலில் கணக்கைப் போட்டுவிடுகிறேன்.

1,499 ரூபாயில் ஜிஎஸ்டியும் அடக்கம் என்று கொள்வோம். சரியான விகிதத்தை, வரிக்காகப் பொருள்களை வகைப்படுத்தும் ஹெச்.எஸ்.என். குறியீட்டைப் பார்த்து உங்கள் கணக்காளர்தான் உறுதிசெய்ய வேண்டும். கணக்குக்காக 18 சதவீதம் என்று எடுத்துக்கொள்கிறேன். வரி போக நிற்பது 1,270 ரூபாய். அதில் பட்டறைக்கு 780, தளத்துக்கும் பணப் பரிமாற்றத்துக்கும் சேர்த்து 8 சதவீதம் என்றால் 120, மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள பெட்டியைச் சென்னைக்கும் பெங்களூருக்கும் அனுப்பும் கூரியர் செலவு சராசரியாக 220, அட்டைப்பெட்டிக்கும் தெர்மோகோலுக்கும் 60, பழுதாகித் திரும்பி வருபவற்றுக்கு ஒதுக்க வேண்டியது 40. மொத்தம் 1,220. ஒரு கருவிக்கு மிஞ்சுவது 50 ரூபாய்தான். அந்த மிச்சத்தைக் கொண்டு அச்சுச் செலவை மீட்க 3,600 கருவிகள் விற்க வேண்டும். 3 லட்சம் ரூபாய் என்பதோ 200 பேரின் பணம் மட்டுமே. 780 ரூபாய் என்பது 500 கருவிகளுக்குச் சொன்ன விலை என்பதால், 200 கருவிகளைப் பட்டறை அதே விலைக்குச் செய்து தராது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

விலையை 1,999 ரூபாய் ஆக்கினால் ஒரு கருவிக்கு 434 ரூபாய் மிஞ்சும். 415 கருவிகளில் அச்சுச் செலவு திரும்பிவிடும். அப்போதும் உங்கள் இருவரின் உழைப்புக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. பட்டறை 500 என்ற எண்ணிக்கையைக் கேட்பதால், 10 லட்சத்தை ஒட்டி இலக்கு வைப்பதே வாங்குபவர்களுக்கும் உங்களுக்கும் நேர்மையானது. அந்த விலைக்கு ஆட்கள் வருவார்களா, எந்த மாதத்தில் வருவார்கள், சொன்ன தேதியில் கொடுக்க முடியுமா என்பவற்றுக்குத்தான் பழைய பிரசாரங்களைப் படிக்க வேண்டும். எவ்வளவு திரட்டினார்கள் என்பது அவற்றிலேயே பயன் குறைந்த தகவல்.

நீங்கள் பார்த்த சிறிய இலக்குகளின் பின்னணி வேறு. எக்ஸ்ப்ளோடிங் கிட்டன்ஸ் என்ற சீட்டு விளையாட்டு 2015-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற அமெரிக்கக் கிரவுட்ஃபண்டிங் தளத்தில் 10,000 டாலர் இலக்கு வைத்து, 2,19,382 பேரிடமிருந்து 87 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது உண்மைதான். ஆனால் அதை உருவாக்கியவர்களில் ஒருவர் ஏற்கெனவே பெரிய வாசகர் கூட்டம் கொண்ட இணையக் கேலிச்சித்திரக்காரர். கூட்டம் முன்பே இருந்தது. பிரசாரம் அவர்களுக்குக் கடையைத் திறந்துவிட்டது, அவ்வளவே. திரட்டிய தொகையை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒருவருக்குச் சராசரியாக 40 டாலர் வருகிறது. இந்த வகுத்தலை நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு பிரசாரத்துக்கும் செய்யுங்கள். முன்பின் தெரியாதவர் ஒரு புதிய பொருளை நம்பி எவ்வளவு வரை பணம் போடுகிறார் என்பதை அதுதான் காட்டும்.

உங்கள் கருவிக்கு நெருக்கமான பாடம் கூலஸ்ட் கூலர் என்ற ஐஸ் பெட்டியில் இருக்கிறது. 2013-இன் இறுதியில், குளிர்காலம் தொடங்கும் நேரத்தில், 1,25,000 டாலர் இலக்குடன் முதலில் வந்தபோது அது இலக்கை எட்டவில்லை. வடிவத்தைச் சீர்செய்து, இலக்கை 50,000 டாலராகக் குறைத்து, 2014 கோடையில் மறுபடியும் வந்தது. 62,642 பேர் 1.32 கோடி டாலருக்கு மேல் கொடுத்தார்கள். குளிர்பானம் வைக்கும் பெட்டிக்குக் கோடையே காலம் என்பது எல்லாரும் எடுத்துக்கொள்ளும் பாடம். அதோடு நிறுத்திவிடக் கூடாது. முன்பதிவுக்கு வைத்த விலை, பெட்டியைச் செய்து அனுப்பும் செலவுக்குப் போதவில்லை. பணம் கட்டியவர்கள் காத்திருக்கும்போதே பெட்டிகள் அமேசானில் கூடுதல் விலைக்கு விற்கப்பட்டன. சீக்கிரம் வேண்டுமானால் இன்னும் 97 டாலர் கட்டுங்கள் என்று அவர்களிடமே கேட்கப்பட்டது. 2019 டிசம்பரில் நிறுவனம் மூடப்பட்டபோது ஏறத்தாழ 20,000 பேருக்குப் பெட்டி போய்ச்சேரவே இல்லை. 3 லட்சம் இலக்கும் 1,499 விலையும் சிறிய அளவில் இதே வழிதான்.

இந்தியாவில் வசிப்பவர்கள் கிக்ஸ்டார்ட்டரில் பிரசாரம் தொடங்க முடியாது என்றாலும், படிப்பதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. முடிந்துபோன பிரசாரங்களின் பக்கங்கள் அங்கே நீக்கப்படுவதில்லை, தோற்றவையும் கிடக்கின்றன. சமையலறைக் கருவி, உலோகம், உங்கள் விலைக்கு அருகில் என்ற மூன்று அளவுகோல்களில் முப்பது பிரசாரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் பாதியாவது தோற்றவையாக இருக்கட்டும். ஒரு நோட்டுப்புத்தகத்தில் தொடங்கிய மாதம், சராசரித் தொகை, அனுப்பும் செலவைத் தனியாக வாங்கினார்களா, எந்த மாதத்தில் தருவதாகச் சொன்னார்கள், உண்மையில் எப்போது கொடுத்தார்கள் என்று எழுதுங்கள். கடைசித் தகவல் முதல் பக்கத்தில் இருக்காது. உருவாக்கியவர்கள் அவ்வப்போது எழுதும் அறிவிப்புகளிலும், கீழே வாங்கியவர்கள் எழுதும் கருத்துகளிலும்தான் அது இருக்கும். அச்சு முதல் முறை சரியாக வரவில்லை, கைப்பிடியின் வெல்டிங் விட்டுப்போனது, பெட்டி நசுங்கி வந்தது என்பன போன்ற வரிகளைக் கவனமாகப் படியுங்கள். உங்கள் பட்டறையில் அடுத்த ஆண்டு நடக்கப்போவது அவற்றில் பாதி இருக்கும்.

தாமதம் என்பது விதிவிலக்கு அல்ல. வார்ட்டன் மேலாண்மைப் பள்ளியின் ஈத்தன் மாலிக் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பொருள் தருவதாக உறுதியளித்த பிரசாரங்களில் முக்கால் பங்குக்கு மேல் தாமதமாகவே கொடுத்தன. 2015-இல் அவர் செய்த மற்றோர் ஆய்வில், வெற்றி பெற்ற கிக்ஸ்டார்ட்டர் திட்டங்களில் 9 சதவீதம் சொன்னதைத் தரவே இல்லை. பெப்பிள் கைக்கடிகாரம் ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டியும், 2012 செப்டம்பரில் தருவதாகச் சொன்னதை 2013 ஜனவரியில்தான் அனுப்பத் தொடங்கியது.

பலாவுக்கு இந்தத் தாமதம் இரட்டிப்பாக வலிக்கும். நம் பக்கம் சித்திரை முதல் ஆடி வரைதான் பழத்தின் வரத்து. மே மாதத்தில் முன்பதிவு வாங்கி, மூன்று மாதத்தில் தருவதாகச் சொல்லி, வழக்கம்போல் இரண்டு மாதம் தள்ளிப்போனால், வாங்கியவர் வீட்டில் கருவி வந்து இறங்கும்போது பழமே இருக்காது. அடுத்த பருவத்தில் எல்லாரும் ஒரே வாரத்தில் பெட்டியைப் பிரித்து, ஒரே வாரத்தில் குறை சொல்வார்கள். இடையில் வடகிழக்குப் பருவமழை வேறு. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரி எந்த நிலையில் இருந்தது என்பதை உங்கள் பட்டறைக்காரரே சொல்வார். ஆகவே பழம் மலிந்திருக்கும் மே, ஜூனில் கருவி வேலை செய்யும் காணொளியைக் காட்டிப் பெயரையும் தொலைபேசி எண்ணையும் மட்டும் சேகரியுங்கள். பணத்தைப் பொங்கலுக்குப் பிறகு வாங்குங்கள். பிப்ரவரியில் செய்து, மார்ச் முடிவுக்குள் அனுப்புங்கள். பெயர் கொடுத்தவர்களில் பலர் ஜனவரியில் பணம் கட்ட மாட்டார்கள். கட்டுபவர்களின் எண்ணிக்கையே உங்கள் உண்மையான சந்தை.

உறவினர் சொல்லும் லாபப் பங்கை அறிவிக்கவே அறிவிக்காதீர்கள். பொருளுக்கு முன்பணம் வாங்குவது வியாபாரம். லாபம் தருவதாகப் பொதுமக்களிடம் பணம் வாங்குவது முதலீடு திரட்டல். இணையத் தளங்கள் வழியாக அப்படித் திரட்டுவது அங்கீகாரம் பெறாதது என்று 2016-இலேயே பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி எச்சரித்திருக்கிறது. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. பொருளுக்கான முன்பணம் வைப்பு ஆகாது. ஆனால் அது திருப்பித் தர வேண்டிய பணமாகி, 15 நாட்களுக்குள் தரப்படாவிட்டால் அந்தச் சட்டத்தின்படி வைப்பாகக் கருதப்படும். எனவே முன்பதிவுப் பணத்தைத் தனி நடப்புக் கணக்கில் வையுங்கள்.

ஜிஎஸ்டியில் பலர் சறுக்கும் இடம் ஒன்று. பொருள் விற்பவர் பதிவு செய்ய வேண்டிய வரம்பு தமிழ்நாட்டில் 40 லட்சம், புதுச்சேரியில் 20 லட்சம். இந்த வரம்பு மாநிலத்துக்குள் விற்பவருக்கே. பண்ருட்டியிலிருந்து ஒரு பெட்டி புதுச்சேரி எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டினாலும் அது மாநிலங்களுக்கு இடையிலான விற்பனை. முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். பொருளுக்கான முன்பணத்துக்கு வரி, வழக்கமான முறையில் பதிவு செய்தவருக்கு, பணம் வாங்கும்போது அல்லாமல் பில் போடும்போதுதான் வரும் என்பது ஓர் ஆறுதல்.

நகைக்கடன் இப்போது வேண்டாம். வட்டி ஓடத் தொடங்கிவிட்டால், பருவம் தவறினாலும் பிரசாரத்தைத் திறந்துவிடும் அவசரம் வந்துவிடும். அச்சு இல்லாமலே, லேசர் வெட்டும் வெல்டிங்கும் மட்டும் வைத்து இருபது கருவிகளுக்குப் பட்டறையிடம் விலை கேளுங்கள்; ஒன்று 2,500 ரூபாய் ஆனாலும் 50,000 ரூபாய்தான், அதை எஃப்.டி.யிலிருந்து எடுங்கள். அவற்றில் ஐந்தைப் பண்ருட்டி சாலையோரம் பழம் அறுத்து விற்பவர்களிடம் பருவம் முழுவதும் கொடுத்துவையுங்கள். கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டு நாள் முழுவதும் பழம் பிளப்பவர் அவர். இரண்டாம் வாரமும் அவர் உங்கள் கருவியையே எடுக்கிறார் என்றால், மீதியை 1,999 ரூபாய்க்கே தமிழ்நாட்டுக்குள் தெரிந்தவர் வட்டத்தில் விற்றுப் பாருங்கள். கத்திக்கே திரும்பிவிட்டார் என்றால் எந்த இடத்தில் கருவி சிக்குகிறது என்று கேட்டு, அதைத் திருத்திய பிறகே அச்சுக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.