வாராவாரம் வரும் காய்கறிக் கூடையை வீணாக்காமல் சமைத்து முடிக்க முடியுமா?

கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான்: கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். விவசாயிகளிடமிருந்து நேராக வீட்டுக்கு வரும் வாராந்திரக் கூடைக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள். இரண்டாவது வாரமே பாதிக் காய் குப்பைக்குப் போய்விட்டது. தொடரலாமா, நிறுத்திவிடலாமா?

நானும் மூன்றாவது வாரத்தில் நிறுத்தப் போனவன்தான். என்னை விரட்டியது சுரைக்காய். முதல் வாரம் ஒன்று, அடுத்த வாரம் ஒன்று, மூன்றாவது வாரம் இரண்டு. அதில் ஒன்று என் முழங்கையை விட நீளம். வீட்டில் நான், மனைவி, பள்ளிக்கூடம் போகும் மகள் என்று மூன்றே பேர். அத்தனை சுரைக்காயை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 2021-ல் தொடங்கியது, இன்னும் சனிக்கிழமை காலையில் அந்தப் பச்சை பிளாஸ்டிக் கிரேட் வாசலுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. சுரைக்காயும் வருகிறது. நான் யோசிக்கிற வரிசைதான் மாறிப்போனது.

அதுவரைக்கும் 'இன்றைக்கு வத்தக்குழம்பு, உருளைக்கிழங்குப் பொரியல்' என்று முதலில் முடிவு செய்வோம், அப்புறம் கடைக்குப் போவோம். கூடை வாங்கினால் காய் முதலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது, முடிவு பின்னால் வரவேண்டும். அந்த நேரத்தில் யூடியூபில் ரெசிபி தேடினால் தொலைந்தோம். கூடையில் அரைக்கிலோ கொத்தவரங்காய் இருக்கும், பிடித்த ரெசிபி குடைமிளகாய் கேட்கும். நாம் குடைமிளகாய் வாங்கப் போவோம், கொத்தவரங்காய் சுருங்கிப் போகும்.

எங்கள் அம்மா தென்காசிப் பக்கம். ரெசிபி பார்த்துச் சமைத்தவளே இல்லை. அவளிடம் இருந்ததெல்லாம் ஐந்தாறு முறைகள்: கூட்டு, பொரியல், புளிக்குழம்பு, அவியல், மோர்க்குழம்பு, துவையல். எந்தக் காய் வந்தாலும் அதில் ஒன்றுக்குள் போய்விடும். சுரை, புடலை, பீர்க்கு மாதிரி நீர்க்காய் என்றால் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு. கத்தரி, பாகல், சுண்டை என்றால் புளிக்குழம்பு. தோல், தண்டு என்று மிஞ்சுவது துவையல். இது மூன்றும் கைக்கு வந்துவிட்டாலே கூடையில் முக்கால்வாசியைச் சமாளித்துவிடலாம். பீர்க்கங்காய்த் தோலைக் குப்பையில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. நல்லெண்ணெயில் வதக்கி, உளுத்தம்பருப்பு, வற்றல் மிளகாய், கொஞ்சம் புளி, தேங்காய் வைத்து அரைத்துப் பாருங்கள். அந்தத் துவையலுக்காகத்தான் நான் பீர்க்கங்காயே சமைக்கிறேன்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். சுரை, பீர்க்கு, வெள்ளரி மூன்றையும் நறுக்கும்போது சின்னத் துண்டு வாயில் போட்டுப் பார்க்க வேண்டும். கசந்தால் முழுக் காயையும் தூக்கிப் போட வேண்டியதுதான், சிக்கனம் பார்க்கக் கூடாது. அந்தக் கசப்பு வயிற்றைப் புரட்டிப் போடும் விஷம், வேக வைத்தாலும் போகாது. சுரைக்காய் ஜூஸ் குடிக்கிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

அடுத்து, எதை எப்போது சமைப்பது. பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். சனிக்கிழமை ஆசையாகச் சேனைக்கிழங்கு வறுவல் செய்துவிட்டு, கீரையைப் புதன்கிழமைக்கு வைப்பார்கள். புதன்கிழமை கீரைக்கட்டைப் பிரித்தால் உள்ளே சேறு மாதிரி இருக்கும். எங்கள் வீட்டில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் கீரை நாள். அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை எது வந்தாலும் சரி, முள்ளங்கி இலையோடு வந்தால் அந்த இலையும் சரி, அந்த இரண்டு நாளுக்குள் சட்டிக்குப் போய்விடும். வாழைப்பூவையும் அதற்கு மேல் வைக்க முடியாது. திங்கள் முதல் புதன் வரை வெண்டை, அவரை, கத்தரி, புடலை. வெண்டைக்காயை ஈரம் போகத் துடைத்துத் துணிப்பையில் போட்டால்தான் அதுவரை தாங்கும். கத்தரிக்காயை ஃப்ரிட்ஜில் வைக்கவே வைக்காதீர்கள். குளிர் அதற்கு ஆகாது, உள்ளே விதை கறுத்துவிடும். தக்காளியும் வெளியிலேயே இருக்கலாம். சேனை, பரங்கி, பூசணி எல்லாம் பொறுமைசாலிகள். அறுக்காத பரங்கி ஒரு மாதம் கூட மூலையில் சும்மா கிடக்கும்.

வெள்ளிக்கிழமை எப்போதும் கூட்டாஞ்சோறு. கூடையில் மிஞ்சியதை எல்லாம் காலி செய்ய எங்கள் திருநெல்வேலிச் சீமை கண்டுபிடித்த சாப்பாடு என்றே நான் நினைக்கிறேன். ஒரு கத்தரிக்காய், அரை வாழைக்காய், நாலு கொத்தவரங்காய், ஒரு முருங்கைக்காய் என்று எதுவும் தனியாக ஒரு பொரியலுக்குப் பற்றாது. எல்லாம் சேர்ந்தால் இரண்டு டம்ளர் வரும், போதும்.

அளவு கேட்பீர்கள், சொல்லிவிடுகிறேன். ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளருக்குக் கொஞ்சம் அதிகமாகத் துவரம்பருப்பு. பருப்பை முதலில் அடிகனமான பாத்திரத்தில் நாலரை டம்ளர் தண்ணீரில் வேக விட வேண்டும். பருப்பு பாதி வெந்ததும் அரிசியையும் காயையும் போடுங்கள். புளிக்கரைசலை அவசரப்பட்டு ஊற்றக் கூடாது. புளிப்பு சேர்ந்தால் அப்புறம் பருப்பு வேகாமல் முறைத்துக்கொண்டு நிற்கும். அரிசி முக்கால் பதம் வந்த பிறகு நெல்லிக்காய் அளவுப் புளியின் கரைசல், உப்பு, மஞ்சள்தூள். அரை மூடித் தேங்காய், ஒரு ஸ்பூன் சீரகம், நாலு வற்றல் மிளகாய், ஐந்தாறு சின்ன வெங்காயம், மூன்று பல் பூண்டு இவற்றைக் கொரகொரப்பாக அரைத்துக் கொட்டுங்கள். கடைசியாக ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை. தண்ணீர் போதாமல் இருந்தால் கொதிநீர் சேர்க்கலாம், சாதம் குழைவாகத்தான் இருக்க வேண்டும். தேங்காய் எண்ணெயில் கடுகு, உளுந்து, கறிவேப்பிலை, கொஞ்சம் வெங்காய வடகம் தாளித்துக் கொட்டினால் முடிந்தது. தொட்டுக்கொள்ள அப்பளம். மாங்காய்க் காலத்தில் புளியைக் குறைத்துக்கொண்டு நாலு துண்டு மாங்காய் போட்டால் அது வேறு ரகம்.

'ஒரே காய் திரும்பத் திரும்ப வருகிறது' என்று நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஒரு கொடி காய்க்க ஆரம்பித்தால் சில வாரத்துக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்துக்கொண்டே இருக்க வேண்டும். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று சொல்லி விதைத்த வெண்டையும் புடலையும் ஒன்றரை இரண்டு மாதத்தில் ஒரே நேரத்தில் நம் வாசலில் வந்து நிற்கும். பந்தலில் ஏற்றும் பழைய கொடி அவரை இன்னும் பிடிவாதம். எப்போது விதைத்தாலும் இரவு நீளும் பருவம் வந்தால்தான் பூக்கும், அதனால்தான் மார்கழி, தையில் அவரைக்காய் குவிகிறது. வருஷம் முழுக்கக் கடையில் கிடைப்பது செடி அவரை. இரண்டையும் அடுத்தடுத்துச் சாப்பிட்டால் வித்தியாசம் நாக்குக்கே தெரியும். முருங்கை வெயில் காலத்தில் கேட்காமலே கூடையில் நாலு கூடுதலாக வரும். ஐப்பசி மழையில் பூ உதிர்ந்துபோய் ஒன்றுக்கே தவிக்க வேண்டியிருக்கும்.

தை மாதக் கூடைக்காக நான் வருஷம் முழுக்கக் காத்திருப்பேன். பச்சை மொச்சை, பச்சைத் துவரை, முள்ளங்கி, கத்தரி எல்லாம் அப்போதுதான் ஒன்றாக வரும். பொங்கல் குழம்புக்குப் பல காய் சேர்த்துப் போடுவது ஏன் என்று அந்த வாரக் கூடையைப் பார்த்தால் யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் கூடைக்காரர்கள் பொங்கல் சமயத்தில் மட்டும் தெற்கேயிருந்து சிறுகிழங்கும் வரவழைப்பார்கள். முதல் வருஷம் ஒரு கிலோ வந்தது. கோலிக்குண்டு அளவில் மண்ணும் வேருமாக ஒரு குவியல். மனைவி சென்னைக்காரி, அந்தக் கிழங்கைப் பார்த்ததே இல்லை. பீலரை எடுத்து ஒவ்வொன்றாகச் சீவ ஆரம்பித்தாள். அரை மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு கிழங்கு முடிந்திருந்தது, விரல் எல்லாம் கறுப்பு. அம்மாவுக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"ஏலே, அதப் போயி ஒண்ணொண்ணாவா சீவிக்கிட்டு இருக்கிய? தண்ணியில ஊற வச்சி, சாக்குல கட்டித் தரையில போட்டு நாலு தேய் தேயிலே."

அடுக்குமாடி வீட்டில் சாக்குக்கு எங்கே போவது? அரிசி வந்த பை ஒன்று இருந்தது. கிழங்கை அதில் போட்டு வாயை முறுக்கிப் பிடித்துக்கொண்டு பால்கனித் தரையில் போட்டுத் தேய்த்தேன். ஐந்து நிமிஷத்தில் முக்கால்வாசித் தோல் போய்விட்டது. கீழ்வீட்டு அங்கிள் மேலே வந்து, "என்ன தம்பி, ஏதாவது மெஷின் ஓடுதா?" என்று கேட்டுவிட்டு, ஒரு கிண்ணம் பொரியலோடு திரும்பிப் போனார். அடுத்த வருஷம் பொங்கலுக்கு முன்னாலேயே லிஃப்டில் பார்த்து, "அந்தக் கிழங்கு வந்துச்சா?" என்று விசாரித்தார்.

எல்லா மாதமும் தை மாதம் மாதிரி இருக்காது, அதையும் சொல்ல வேண்டும். கார்த்திகை மழையில் கூடை மெலிந்து போகும். கீரை அழுகும், கொடி சாயும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்த வாரம் கூடையே வரவில்லை. அடுத்த வாரம் வந்ததில் பாதி வாழைத்தண்டு, வாழைக்காய், வாழைப்பூ, மிச்சம் சேனையும் பரங்கியும். காசு அதே காசு. மகள் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். வாழைப்பூ ஆய்வது எனக்கும் பிடிக்காத வேலைதான். ஒவ்வொரு பூவிலும் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் கள்ளனையும் கண்ணாடி மாதிரி இருக்கும் செதிலையும் எடுத்து, நறுக்கி மோரில் போட வேண்டும். நான் கிரிக்கெட் மேட்ச் பார்த்துக்கொண்டே ஆய்வேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதே 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியபோது எங்கள் கூடை விலை ஏறவில்லை. தக்காளி மட்டும் அரைக்கிலோவோடு நின்றுபோனது. அந்த மாதம் ரசத்துக்குப் புளியும் எலுமிச்சையும் போதும் என்று கற்றுக்கொண்டோம்.

விலை கட்டுமா என்றால், கோயம்பேட்டு விலையோடு ஒப்பிட்டால் கட்டாது. தள்ளுவண்டியை விடவும் அதிகம்தான். நான் ஐந்து கிலோ கூடைக்கு ஐந்நூற்றுச் சொச்சம் கொடுக்கிறேன், வெங்காயமும் உருளையும் தனியாக வாங்குகிறேன். முந்தின நாள் மாலை பறித்த காய் என்பதற்காகவும், கடையில் கண்ணில் பட்டாலும் வாங்கத் தோன்றாத காய்களை இது சமைக்க வைக்கிறது என்பதற்காகவும் கொடுக்கிறேன். வாரத்தில் நாலு நாள் ராத்திரி வெளியில் ஆர்டர் செய்கிற வீடு என்றால் வேண்டாம், நிறுத்திவிடுங்கள். நறுக்க ஆள் இல்லாத வீட்டுக்கும் இது தண்டம். வீட்டுப் பக்கத்தில் உழவர் சந்தை இருந்தால் கூடையே தேவையில்லை. 1999-ல் மதுரையில் முதல் சந்தை தொடங்கியபோது சொன்ன நோக்கமே இடைத்தரகர் இல்லாமல் விவசாயி நேராக விற்பதுதான். காலை ஆறு மணிக்குக் கையில் லிஸ்ட் இல்லாமல் போய், எது குவிந்து கிடக்கிறதோ, எது மலிவோ அதை அள்ளிக்கொண்டு வாருங்கள். கூடைக்காரர் செய்கிற வேலையும் அதுதான்.

உங்கள் விஷயத்தில் நான் சொல்வது, இன்னும் ஒரு மாதம் பாருங்கள். பெரிய கூடையா சின்னதா என்று நீங்கள் சொல்லவில்லை. இருவருக்கு மூன்று கிலோவுக்கு மேல் எடுக்காதீர்கள். முடிந்தால் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று மாற்றிக் கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். கூடை வந்ததும் அதைப் பிரிக்காமல் வேலைக்கு ஓடாதீர்கள். கீரையின் வேரை வெட்டி, கழுவாமல் பழைய காட்டன் துணியில் சுற்றி வைக்கும் அந்தக் கால் மணி நேரத்தைக் கொடுத்தாலே பாதிக் குப்பை குறையும். பிடிக்காத காயைத் தவிர்க்கச் சொல்ல வழி இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். எங்களுக்கு ஒரே ஒரு காய்க்கு அனுமதி கொடுத்தார்கள். மகள் பாகற்காயைச் சொல்லச் சொன்னாள். நான் கோவைக்காய் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அவள் அதை இன்னும் மறக்கவில்லை.