கோப் குழு கூப்பிட்டால் யாருக்கு வியர்க்கிறது? – கேள்விகளும் பதில்களும்

அரசாங்கப் பணத்துக்குக் கணக்குக் கேட்கும் இலங்கைப் பாராளுமன்றக் குழுக்களான கோப், கோபா பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. கணக்காய்வு வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் நான், அரசியல்வாதி இல்லை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

வவுனியா மாணவி: கோப், கோபா இரண்டும் ஒன்றா சேர்? செய்தியில் மாறி மாறி வருகிறது.

ஒன்றில்லை, தங்கச்சி. கோபா என்பது அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு. அமைச்சுகள், திணைக்களங்கள், மாகாண சபைகள், உள்ளூராட்சி சபைகள் எல்லாம் அதற்குள் வரும். கோப் என்பது அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழு, 1979இல் வந்தது. மின்சார சபை, பெற்றோலியக் கூட்டுத்தாபனம், துறைமுக அதிகார சபை, மத்திய வங்கி போன்றவை அதன் பக்கம். சோதனைக்கு எழுதுவதென்றால், பாராளுமன்றத்தின் நடைமுறை விதிகளான நிலையியற் கட்டளைகளில் 119 கோபாவுக்கு, 120 கோப்புக்கு.

ரமேஷ்: எம்பிமாருக்குக் கணக்கு வாசிக்கத் தெரியுமா? எதை வைத்துக் கேள்வி கேட்கிறார்கள்?

பலருக்குத் தெரியாதுதான். ஆனால் தெரிய வேண்டிய அவசியம் குறைவு, ஏனென்றால் கேள்வியின் முதுகெலும்பு கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை. அவரும் அவரது உத்தியோகத்தர்களும் அந்த அறையிலேயே இருப்பார்கள். நிறுவனத்தின் தலைவர், பொது முகாமையாளர், அமைச்சின் செயலாளர், திறைசேரி ஆட்கள் எதிரில் இருப்பார்கள்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன், நிறுவனத்தின் பெயர் வேண்டாம். கணக்காய்வில் சந்தேகம் வந்தால் நாங்கள் நிறுவனத்துக்கு எழுதும் ஐயவினாவில் ஒரு சின்ன வரி: ஒரு வாகனத்துக்குப் பதினொரு மாதம் எரிபொருள் போட்டதாகப் பற்றுச்சீட்டு இருக்கிறது, ஆனால் அதே பதினொரு மாதமும் அந்த வாகனம் திருத்துமிடத்தில் சில்லு இல்லாமல் கல்லுக்கு மேல் நின்றதாக இன்னொரு கோப்பு சொல்கிறது. கோடிக்கணக்கான நட்டம் பற்றிப் பேசியபோது அந்தத் தலைவர் அசையவே இல்லை, சந்தை நிலைமை, டொலர், முந்தைய நிர்வாகம் என்று சரளமாகச் சொல்லிக்கொண்டே போனார். குழு உறுப்பினர் ஒருவர் இந்த வரியை வாசித்துவிட்டு, "சில்லில்லாத வாகனம் எப்படி ஐயா பெற்றோல் குடித்தது?" என்று கேட்டார். அவ்வளவுதான். தலைவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், அவர் பின்வரிசைக் கணக்காளரைப் பார்த்தார், கணக்காளர் கோப்பைப் புரட்டினார், ஏசி அறையில் மனிதருக்கு வியர்த்துக்கொட்டியது. பெரிய தொகைக்குக் கொள்கை விளக்கம் சொல்லித் தப்பலாம், சின்னத் தொகைக்கு அது முடியாது. நல்ல குழுத் தலைவர்களுக்கு இந்தச் சூட்சுமம் தெரியும்.

சுதா அக்கா (மட்டக்களப்பு): பிணைமுறி மோசடியை கோப்தானே கண்டுபிடித்தது? அப்படியென்றால் ஏன் ஒருவருக்கும் தண்டனை கிடைக்கவில்லை?

அக்கா, குழுவுக்குத் தண்டிக்கிற அதிகாரமே இல்லை. ஆட்களை அழைக்கலாம், ஆவணம் கேட்கலாம், முடிவையும் சிபாரிசையும் எழுதிச் சபையில் வைக்கலாம். அதோடு அதன் கை நின்றுவிடும்.

பிணைமுறி என்பது அரசாங்கம் கடன் வாங்குவதற்காக விற்கும் பத்திரம். 2015 பெப்ரவரி 27 அன்று மத்திய வங்கி 30 வருடப் பிணைமுறி ஏலத்தில் 1 பில்லியன் ரூபா கேட்டுவிட்டு 10 பில்லியனுக்கு மேல் எடுத்தது. அப்போதைய ஆளுநர் அர்ஜுன மகேந்திரனின் மருமகனோடு தொடர்புள்ள நிறுவனம் அதில் பெரும் பங்கை வாங்கியது. டியூ குணசேகர தலைமையிலான கோப் அதை விசாரித்து அறிக்கையை முடிக்கிற நேரத்தில், ஜூன் 26 அன்று பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. குழுவும் போயிற்று. அடுத்த பாராளுமன்றத்தில் சுனில் ஹந்துன்நெத்தி தலைமையில் மறுபடி முதலிலிருந்து. 2016 அக்டோபரில் அறிக்கை சபைக்கு வந்தது, மகேந்திரன் பொறுப்புக் கூற வேண்டும், சட்ட நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது. ஆளுங்கட்சிக் குழு உறுப்பினர்கள் அதற்குள் அடிக்குறிப்புகளைப் போட்டார்கள், 'அடிக்குறிப்புக் கும்பல்' என்று அவர்களுக்குப் பெயரே வந்தது. பிறகு ஜனாதிபதி ஆணைக்குழு, அதன் அறிக்கை, நீதிமன்றம் என்று நீண்டது. மகேந்திரன் வெளிநாடு போனவர், திரும்பி வரவில்லை. கோப் செய்யக்கூடியதைச் செய்தது, மிச்சம் வழக்குப் போட வேண்டிய சட்டமா அதிபரின் மேசை. நீங்கள் கோபப்பட வேண்டிய இடம் அதுதான்.

ஒருவர் (பெயர் போடவில்லை): எல்லாம் டிவிக்கு நாடகம். கமராவை எடுத்துவிட்டால் வேலை நடக்கும்.

பாதி ஒத்துக்கொள்கிறேன். 2019இல் ஊடகங்களை உள்ளே விட்ட பிறகு சில உறுப்பினர்கள் கேள்வி கேட்பதை விட்டுவிட்டுச் சத்தம் போடப் பழகிவிட்டார்கள். 2023 நவம்பரில் கிரிக்கெட் நிர்வாகிகள் வந்தபோது குழுத் தலைவர் கையால் காட்டிய சைகை வீடியோவாகப் பரவி, கணக்கு விஷயம் பின்னுக்குப் போயிற்று. அதே நேரம், கமரா இல்லாவிட்டால் அந்தச் சைகை நமக்குத் தெரிந்திருக்குமா?

2022 ஜூன் 10ஐயும் நினைத்துப் பாருங்கள். மின்சார சபைத் தலைவர் பெர்டினாண்டோ கோப் முன்னால், மன்னார் காற்றாலைத் திட்டத்தை அதானி குழுமத்துக்குக் கொடுக்கும்படி இந்தியப் பிரதமர் அழுத்தம் தருவதாக ஜனாதிபதி தன்னிடம் சொன்னார் என்று சொல்லிவிட்டார். ஜனாதிபதி கோட்டாபய மறுத்தார். பெர்டினாண்டோவும் உணர்ச்சிவசப்பட்டுச் சொன்னேன் என்று வாபஸ் வாங்கினார், மூன்று நாளில் பதவியும் போனது. சொன்னது உண்மையா பொய்யா என்பதை நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் போட்டி விலைமனு (டெண்டர்) இல்லாமல் அந்தத் திட்டம் எப்படி ஒரு கம்பனிக்குப் போகிறது என்று நாடு முழுக்கக் கேட்கத் தொடங்கியது அந்த அறையிலிருந்துதான். 2025 பெப்ரவரியில் அதானி குழுமமே விலகிக்கொண்டது, அதற்கு வேறு காரணங்களும் உண்டு.

கஜன்: மத்திய வங்கி இப்போது சுயாதீனம் என்கிறார்கள். அப்படியானால் அவர்களை யார் கேட்பது?

2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் சுயாதீனத்தையும் கொடுத்தது, பாராளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் கடமையையும் கூடவே கட்டியது. பணவீக்க இலக்கு 5 சதவீதம், இரண்டு காலாண்டு தொடர்ந்து அது எல்லைக்கு வெளியே போனால் ஏன் என்று பாராளுமன்றத்துக்கு எழுத்தில் அறிக்கை கொடுக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், 2022இல் 70 சதவீதத்தை நெருங்கிய விலைவாசியில் நாம் வெந்தபோது இந்த ஏற்பாடு இல்லை, 2024இல் பணவீக்கம் அளவுக்கு மீறிக் குறைந்ததற்காக அவர்கள் விளக்கம் எழுத வேண்டியதாயிற்று.

2024 ஆரம்பத்தில் மத்திய வங்கி தன் ஊழியர்களுக்குச் சம்பளத்தைத் தாறுமாறாகக் கூட்டியபோது, ஹர்ஷ டி சில்வா தலைமையிலான இன்னொரு பாராளுமன்றக் குழு, அரசாங்க நிதி பற்றிய குழு, ஆளுநரை அழைத்துக் கேட்டது. வட்டி வீதத்தை எவ்வளவு வைப்பது என்று எம்பிமார் சொல்லக்கூடாது, ஆனால் உங்கள் சம்பளத்தை நீங்களே எப்படிக் கூட்டினீர்கள் என்று கட்டாயம் கேட்க வேண்டும். எனக்கு இந்தக் கோடு தெளிவாகவே தெரிகிறது.

பானு: பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுத் தலைவரைப் பாராளுமன்றமே தூக்கியதே, அதுவும் பொறுப்புக்கூறலா?

நல்ல கேள்வி, பதில் சொல்லச் சங்கடமான கேள்வியும். மின்கட்டணம் போன்றவற்றை ஒழுங்குபடுத்துவது அந்த ஆணைக்குழு. 2002ஆம் ஆண்டின் சட்டப்படி அதன் உறுப்பினரை அமைச்சர் நினைத்தபடி நீக்க முடியாது, பாராளுமன்றத் தீர்மானம் வேண்டும். ஒழுங்குபடுத்துபவரைக் காக்கப் போட்ட வேலி அது. அதன் தலைவராக இருந்த ஜனக ரத்நாயக்க மின்கட்டண உயர்வை வெளிப்படையாக எதிர்த்தவர், 2023 மே 24 அன்று 123க்கு 77 என்று வாக்கெடுத்து அனுப்பிவிட்டார்கள். அவர் நடந்துகொண்ட விதத்திலும் குறை சொல்ல இடமிருந்தது. ஆனாலும் பெரும்பான்மை கையில் இருந்தால் வேலியே கதவாகிவிடும் என்பதை அன்று பார்த்தோம். ஒரு குழு ஆற அமர ஆவணத்தை வைத்துக் கேட்பதும், முழுச் சபை கட்சி பிரிந்து கை தூக்குவதும் ஒன்றில்லை.

ரமேஷ் மறுபடி: ஆளுங்கட்சிக்காரரே தலைவராக இருந்தால் எல்லாம் வீண்தானே?

அப்படிச் சொல்ல மாட்டேன். கோப் தலைவராக இருந்த விஜயதாச ராஜபக்ஷ ஆளுந்தரப்பில் இருந்துகொண்டுதான் 2007 ஜனவரியில் 26 நிறுவனங்கள் பற்றிய அறிக்கையை வைத்து அரசாங்கத்தையே நெளிய வைத்தார். பிறகு அந்தக் கதிரை அவருக்கு நிலைக்கவில்லை என்பதும் கதையின் பகுதிதான். 2024 மார்ச்சில் ஆளுந்தரப்பு எம்பி ரோஹித அபேகுணவர்தனவைக் கோப் தலைவராக்கியபோது உறுப்பினர்கள் வரிசையாக விலகினார்கள். அரசாங்க நிதிக் குழுவுக்கு மட்டும் தலைவர் எதிர்க்கட்சியிலிருந்து வர வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள், கோப், கோபாவுக்கும் அப்படி எழுதினால் நல்லது.

என்னைக் கேட்டால் தலைவரின் கட்சியைவிட ஆபத்தானது கலண்டர். ஜனாதிபதி கூட்டத்தொடரை முடித்துவைத்தால் குழுக்களும் கலைந்துவிடும், 2021 டிசம்பரில் நடந்ததும் அதுதான். பாதி விசாரணையில் இருந்த நிறுவனம் அன்று இரவு நிம்மதியாகத் தூங்கும். புதுக் குழு, புது ஆட்கள், அதே கோப்பு, அதே முதல் கேள்வி.

செல்வம் (கிளிநொச்சி): எங்கள் பிரதேச சபைக் கணக்கை நான் எப்படிப் பார்ப்பது?

உங்கள் சபை கோபாவின் கீழ் வரும், ஆனால் கோபா அழைக்கும் வரை காத்திருந்தால் பேரப்பிள்ளை கண்டுவிடுவீர்கள். தேசிய கணக்காய்வு அலுவலகத்தின் வருடாந்த அறிக்கையை எடுங்கள். இணையத்தில் கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையிடமே விண்ணப்பம் கொடுங்கள், ஒரு பக்கம் போதும். அறிக்கை கையில் வந்ததும் முன்பக்கத்துப் பெரிய எண்களை விட்டுவிட்டு, வராத நிலுவை வாடகை, பாவிக்காமல் கிடக்கும் வாகனம், முன்னைய வருடம் சொல்லியும் திருத்தாத விஷயம், இந்த மூன்றையும் தேடுங்கள். கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து வாசிப்போம்.