டினா ஃபே முதலில் நடிகையா, எழுத்தாளரா?

"டினா ஃபே நடிகைதானே, அவரை ஏன் எழுத்தாளர் என்கிறார்கள்?" என்று கேட்டிருந்தீர்கள். உண்மையில் எழுத்துதான் இந்த அமெரிக்க நகைச்சுவைக் கலைஞருக்குத் தொலைக்காட்சியின் கதவைத் திறந்தது.

1970-இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். நாடகம் படித்துவிட்டு சிகாகோ போய், செகண்ட் சிட்டி குழுவில் வசனத்தாள் இல்லாமல் மேடையிலேயே கற்பனை செய்து நடிக்கும் நகைச்சுவையைப் பழகினார். 1997-இல் 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியில் எழுத்தாளர். இரண்டே ஆண்டில் தலைமை எழுத்தாளர். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர்தான். 2000-இல்தான் அதே நிகழ்ச்சியின் கேலிச் செய்திப் பகுதியை வாசிக்க ஆரம்பித்தார். முகம் தெரிந்தது அதற்கப்புறம்தான்.

'மீன் கேர்ள்ஸ்' (2004) திரைக்கதை அவருடையது. '30 ராக்' (2006–2013) தொடரையும் அவரே உருவாக்கி நடித்தார். ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியின் எழுத்தாளர் கூட்டத்தை மேய்க்கப் படாதபாடு படும் பெண்ணின் கதை. சொந்த அனுபவம், வேறென்ன!

2008 அமெரிக்கத் தேர்தலின்போது, துணை அதிபர் வேட்பாளராக நின்ற அலாஸ்கா மாநில ஆளுநர் சாரா பேலினாக 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் வேடமிட்டார். "என் வீட்டிலிருந்தே ரஷ்யா தெரிகிறது" என்று பேலினே சொன்னதாகப் பலர் இன்னும் நம்புகிறார்கள். அலாஸ்காவின் ஓரிடத்திலிருந்து ரஷ்யா தெரியும் என்பதுதான் பேலின் சொன்னது; வீட்டைச் சேர்த்தது டினா நடித்த அந்த நாடகத் துணுக்கு. அந்த வேடத்துக்கு எம்மி விருதும் கிடைத்தது.