கிணற்றடியில் 205 வோல்ற்: கோளாறு மோட்டரிலா, வயரிலா?

கேள்வி: முத்தையன்கட்டுப் பக்கம் எங்கள் காணி. வீட்டிலிருந்து 90 மீற்றர் தள்ளிக் கிணறு. 1 குதிரைவலு மோட்டரால் கச்சானுக்கும் மிளகாய்க்கும் இறைக்கிறோம். சில வேளை சுவிட்சைப் போட்டால் மோட்டர் உறுமுகிறதே தவிரச் சுற்றுவதில்லை. ஓடும்போது அளந்தேன்: வீட்டில் 226 வோல்ற், கிணற்றடியில் 205 வோல்ற், ஓட்டம் 6.5 அம்பியர். 205ஐ 6.5ஆல் வகுத்தால் தடை 31.5 ஓம் வருகிறது. மோட்டரைக் கழற்றி மல்ரிமீற்றரில் பார்த்தால் 4 ஓம்தான் காட்டுகிறது. சுருள் எரிந்துவிட்டதா? மோட்டர் எத்தனை வாற்று இழுக்கிறது? மின்சார சபையிடம் முறையிடலாமா?

பதில்: இரண்டு இடத்திலும், அதுவும் மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்திருக்கிறீர்கள். பலர் வீட்டில் மட்டும் பார்த்துவிட்டு மோட்டரைக் கழற்றிக்கொண்டு ரவுனுக்குப் போய்விடுவார்கள். உங்கள் கோளாறு என்னவென்று இந்த மூன்று எண்களே சொல்லிவிடுகின்றன.

முதலில் அந்த 31.5 ஓம். வோல்ற்றை அம்பியரால் வகுத்தால் தடை என்பது சரியான கணக்குத்தான். ஸ்திரிக்கைப் பெட்டி, கேத்தில் போன்ற சூடாக்கும் சாமான்களுக்கு அது அப்படியே பொருந்தும். 1000 வாற்று ஸ்திரிக்கைப் பெட்டி 230 வோல்ற்றில் சுமார் 4.35 அம்பியர் எடுக்கும். தடை ஏறக்குறைய 53 ஓம். மோட்டர் அப்படியல்ல. அதன் சுருளில் ஆடலோட்டம் (திசை மாறி மாறிப் பாயும் மின்) பாயும்போது காந்தப்புலம் மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றமும், உள்ளே சுற்றும் பகுதியும் சேர்ந்து ஓட்டத்தை எதிர்க்கின்றன. நீங்கள் வகுத்துக் கண்ட 31.5 ஓம் இந்த எதிர்ப்பு எல்லாம் சேர்ந்த கணக்கு. மல்ரிமீற்றர் காட்டிய 4 ஓம் சுருளின் செப்புக் கம்பிக்கு மட்டும் உரிய தடை. இரண்டும் ஒத்து வராது, வரவும் கூடாது. இந்த அளவு மோட்டருக்கு 4 ஓம் இயல்பானது. அதை வைத்துச் சுருள் எரிந்தது என்று சொல்ல முடியாது.

வலுவிலும் இதே சிக்கல் உண்டு. 205ஐ 6.5ஆல் பெருக்கினால் 1332 வரும். அதை அப்படியே வாற்று என்று எடுக்கக் கூடாது. மோட்டரில் ஓட்டம் அழுத்தத்துக்கு (வோல்ற்றுக்கு) கொஞ்சம் பின்தங்கி வருவதால், உண்மையான வலுவுக்கு இதை வலுக்காரணியால் பெருக்க வேண்டும். மோட்டரின் தகட்டில் அந்த எண் இருக்கும். 0.8 என்று வைத்தால் 1066 வாற்று. 1 குதிரைவலு என்பது 746 வாற்றுத்தானே என்று கேட்பீர்கள். அது அச்சில் கிடைக்கும் வலு. மிச்சம் சூடாகவும் உராய்வாகவும் போகிறது. சரிபார்க்க வேண்டுமென்றால், வீட்டில் மற்றதெல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரு மணித்தியாலம் இறையுங்கள். வீட்டு மீற்றரில் 1 யுனிற்றுக்குச் சற்று மேலே ஏறும். வயரில் வீணாவதும் அதில் சேரும்.

இனி உண்மையான கோளாறு. வீட்டில் 226, கிணற்றடியில் 205. நடுவில் 21 வோல்ற் காணாமல் போகிறது. வயரின் தடை வேண்டுமென்றால் வயரில் விழுந்த இந்த 21ஐத்தான் 6.5ஆல் வகுக்க வேண்டும். வருவது 3.23 ஓம். வயர் வெறும் சூடாகும் கம்பி என்பதால் இங்கே கணக்கு கிட்டத்தட்டப் பொருந்தும். மோட்டரில் ஓட்டம் பின்தங்குவதால் உண்மைத் தடை இதைவிடச் சற்றுக் கூடவே இருக்கும். 21ஐ 6.5ஆல் பெருக்கினால் 136 வாற்று. குறைந்தது அவ்வளவும் வயரைச் சூடாக்குவதிலேயே போகிறது. நாளுக்கு 3 மணித்தியாலம் இறைத்தால் மாதம் சுமார் 12 யுனிற் வீண்.

வயர் என்ன பருமன் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் இந்த எண்ணே சொல்கிறது. போகவும் வரவும் 180 மீற்றர். 1 சதுர மில்லிமீற்றர் கொப்பர் வயர், அதாவது கடையில் 1/1.13 (1.13 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரே கம்பி) என்று தருவது, மீற்றருக்கு 0.018 ஓம் அளவு. 180 மீற்றருக்கு 3.26 ஓம். உங்கள் கணக்கோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. லைற்றுக்குப் போடும் வயரில் மோட்டரை ஓட்டுகிறீர்கள் போலிருக்கிறது. ஆனால் வயர் இதைவிடப் பருமனாக இருந்து, இடையில் ஒட்டு ஏதும் தளர்ந்திருந்தாலும் இதே எண் வரலாம். ஆகவே வயரின் பருமனையும் ஒட்டுகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உறுமுவதற்கும் இதுதான் காரணம். தொடங்கும் நொடியில் மோட்டர் வழக்கத்தைவிட ஐந்து மடங்கு வரை ஓட்டம் கேட்கும். 30 அம்பியர் என்றால் 3.23 ஓமில் 97 வோல்ற் விழ வேண்டும். அழுத்தம் பாதியானால் சுற்றத் தொடங்கும் விசை காற்பங்காகிவிடும். நின்றபடி உறுமினால் உடனே நிறுத்துங்கள். அப்படியே விட்டால் சில நிமிடத்தில் சுருள் உண்மையாகவே எரிந்துவிடும்.

7/0.67 வயர் போட்டால் 6.5 அம்பியரில் விழுவது 9 வோல்ற்றுக்குள் நிற்கும். நான் 7/0.85 போடச் சொல்வேன். விலை கூடினாலும் விழுவது 5.4 வோல்ற்தான், தொடங்கும்போதும் 25 அளவோடு போய்விடும். அலுமினியம் மலிவு என்று வாங்கினால் அதே பருமனில் தடை ஒன்றரை மடங்குக்கு மேல்.

மின்சார சபை தர வேண்டியது 230 வோல்ற், கூடக் குறைய 6 வீதம். 216இலிருந்து 244 வரை. உங்கள் வீட்டுக்கு 226 வருகிறது, முறையிட இடமில்லை. பின்னேரம் எல்லா வீட்டிலும் லைற் எரியும்போது ஒருமுறை பாருங்கள். வீட்டிலேயே 216க்குக் கீழே போனால் அப்போது எழுதிக் கொடுக்கலாம்.

அளக்கும்போது இரண்டு விடயம். ஓட்டம் அளக்கும் கிளாம்ப் மீற்றரை ஒற்றை வயரில் மட்டும் மாட்டுங்கள். இரண்டையும் சேர்த்து மாட்டினால் பூச்சியம்தான் காட்டும். ஓம் அளக்குமுன் மெயின் சுவிட்சை அணைத்து, மோட்டரின் கப்பாசிற்றரில் தேங்கியிருக்கும் மின்னை வயர்மன் ஒருவரைக் கொண்டு இறக்கிவிடுங்கள். கிணற்றடி ஈரம். வயர் மாற்றும் அன்றே எர்த்தையும், 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சையும் அவரிடமே சோதித்து வாங்குங்கள்.