பெர்ல் செத்துப்போன ப்ரோக்ராமிங் மொழியா? வேலைக்காக இப்ப அதைக் கத்துக்கறது டைம் வேஸ்டா?

இந்தக் கேள்வியை வருஷத்துக்கு ஒருத்தராவது கேட்டுடறாங்க, பதில் எழுதறவங்கள்ல பாதிப்பேர் பெர்ல்ல ஒரு வரி கூட எழுதாதவங்க, அதனாலதான் நான் எழுதறேன். நீங்க அநேகமா ஃப்ரெஷரா சேர்ந்து, ஜாவாவோ பைத்தானோ ட்ரெய்னிங் முடிச்சு, கடைசில ஒரு டெலிகாம் இல்லாட்டி பேங்க் சப்போர்ட் ப்ராஜெக்ட்ல பெர்ல் ஸ்க்ரிப்டைப் பார்த்துக்கோன்னு தள்ளி விடப்பட்டவரா இருக்கணும். சும்மா ஆர்வத்துல யாரும் இதைக் கேக்கறதில்ல.

முதல்லயே சொல்லிடறேன், நான் பைத்தான் எதிரி இல்ல. தினமும் பைத்தான்ல எழுதறவன்தான். கமெண்ட்ல அந்தச் சண்டை வேண்டாம்.

செத்துப்போச்சுன்னு சொல்றவங்களுக்கு ஒரு சின்னத் தகவல். 2010-ல பெர்ல் 5.12 வெர்ஷன் வந்ததுலேர்ந்து வருஷா வருஷம் ஒரு பெரிய ரிலீஸ் வந்துட்டுதான் இருக்கு. 2022-ல 5.36, அதுல ஃபங்ஷன் சிக்னேச்சர் (ஃபங்ஷனுக்கு என்னென்ன உள்ள வரும்னு தலைப்புலயே எழுதறது) எக்ஸ்பெரிமென்டல், அதாவது சோதனை நிலைங்கற பட்டத்தை விட்டுது, மேல "யூஸ் வி5.36"னு ஒரு வரி போட்டா ஸ்ட்ரிக்ட்டும் வார்னிங்ஸும் (தப்பைப் பிடிச்சுக் காட்டற ரெண்டு செட்டிங்) தானா வந்துடும். 2023-ல 5.38, அதுல மொழிக்குள்ளயே கிளாஸ் வந்துடுச்சு (ஓவிட்ங்கற டெவலப்பர் டிசைன் பண்ணி பால் எவன்ஸ்ங்கறவர் எழுதினது, இன்னும் எக்ஸ்பெரிமென்டல்தான், புரொடக்‌ஷன்ல போட்டுட்டு என்னைத் திட்டாதீங்க). 2024-ல 5.40, எரரைப் பிடிக்கற ட்ரை கேட்ச் ஸ்டேபிள் ஆச்சு. 2025 ஜூலைல 5.42, எனி, ஆல்னு ரெண்டு புது கீவேர்டு சோதனைக்கு வந்திருக்கு. பொணம் வருஷா வருஷம் எந்திரிச்சு வந்து ரிலீஸ் நோட்ஸ் எழுதுமா?

பேரு கெட்டதுக்கு காரணம் மொழி இல்ல, வெர்ஷன் நம்பர்தான்னு நான் நினைக்கறேன். 2000-ல பெர்லை உருவாக்கின லாரி வால் பெர்ல் 6-ன்னு அறிவிச்சார். முதல் ஸ்டேபிள் ரிலீஸ் 2015 கிறிஸ்மஸுக்கு. அத்தனை வருஷமும் 5-ல எழுதறவங்களை "அடுத்தது வரப்போகுதே, இன்னுமா இதுல இருக்கீங்க"ன்னு பார்த்தாங்க. கடைசில அது வேற மொழின்னு ஒத்துக்கிட்டு 2019-ல ராக்குன்னு பேரை மாத்தினாங்க. சரி ஒழிஞ்சுதுன்னு பார்த்தா 2020 ஜூன்ல, அப்போ பெர்ல் டெவலப்மென்ட்டை நடத்திட்டிருந்த சாயர் எக்ஸ் பெர்ல் 7-ன்னு அறிவிச்சார், அதாவது 5.32-தான், டிஃபால்ட் மட்டும் நவீனமா. பழைய கோடு உடையுமேன்னு பெரிய ரகளை, பெர்ல் எந்தப் பக்கம் போகணும்னு முடிவு பண்ண ஸ்டியரிங் கவுன்சில்னு ஒண்ணு வந்துது, 2021-ல சாயர் விலகிட்டார், 2022-ல கவுன்சில் அடுத்தது 5.36-தான்னு சொல்லிடுச்சு. பத்திரிகை அடிச்சு ஊரெல்லாம் குடுத்த பிறகு கல்யாணத்தைத் தள்ளி வெச்சா வீட்ல உள்ளவங்களுக்கு எப்படி இருக்கும், அப்படித்தான் இருந்துது எங்களுக்கு.

இப்ப என் கதை. எங்க டீம்ல ராத்திரி ஓடற பில்லிங் பேட்ச் எல்லாம் பெர்ல். சர்வர் ரெட்ஹாட் லினக்ஸ் 7, அதுல வர்ற பெர்ல் 5.16. 2024 ஜூனோட அதுக்கு மெயின்டெனன்ஸ் முடியுதுன்னு அவசர அவசரமா 8-க்கு மாத்தினாங்க, அதுல 5.26. இந்த ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு பெரிய மாற்றம் இருக்கு, ரெண்டுமே எங்க தலைல விழுந்துது.

முதல் மாற்றம் 5.18-ல வந்தது. அதுக்கு முன்னாடி ஒரு ஹேஷ்ல (பேருக்கு ஒரு மதிப்புன்னு ஜோடியா வெச்சுக்கற டேட்டா) கீஸ், அதாவது அந்தப் பேர்களை எடுத்தா வரிசைக்கு கேரண்டி கிடையாது, ஆனா நடைமுறையில ஒவ்வொரு தடவையும் அதே வரிசைதான் வரும். பாதுகாப்புக்காக 5.18-லேர்ந்து ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வரிசையைக் கலைச்சு விட்டாங்க. எங்க ஸ்க்ரிப்டை எழுதிட்டு எப்பவோ அமெரிக்கா போயிட்ட ஒரு புண்ணியவான் சிஎஸ்வி ஃபைலோட (கமாவால பிரிச்ச டேட்டா) காலம் (column) வரிசையையே ஹேஷ் கீஸ்லேர்ந்து எடுத்திருந்தார், ஹெட்டர் லைனும் கிடையாது. அப்கிரேடுக்கு அப்புறம் சில நாள் ஃபைல் லோடே ஆகாது, அது கூடப் பரவால்ல, சில நாள் தொகையும் டாக்ஸும் மட்டும் இடம் மாறி சமத்தா லோட் ஆயிடும். ரெண்டுமே நம்பர்தானே, எவன் கண்டுபிடிப்பான்? டெஸ்டிங்ல எத்தனை லைன் வந்துதுன்னு மட்டும் சரி பார்த்து பச்சை டிக் போட்டு அனுப்பிட்டாங்க.

அப்போ ஒருத்தர் ஹேஷ் சீடை (வரிசையைக் கலைக்கப் பயன்படற ஆரம்ப எண்) பூஜ்யமா வெச்சுடலாம்னு ஐடியா குடுத்தார். வெச்சா தினமும் ஒரே வரிசை வரும், ஆனா பழைய வரிசை வராது, உள்ள ஹேஷ் ஃபங்ஷனே மாறிப்போச்சு. காலம் பேரையெல்லாம் ஒரு லிஸ்ட்டா எழுதி அந்த வரிசையில பிரிண்ட் பண்ண வெச்சேன், சின்ன வேலை.

ரெண்டாவது 5.26. மாட்யூல் (வேற ஃபைல்ல இருக்கற கோடு) தேடற பாதையில இருந்த புள்ளி, அதாவது இப்ப இருக்கற டைரக்டரி, அதை எடுத்துட்டாங்க, இதுவும் செக்யூரிட்டிக்குத்தான். எங்க கான்ஃபிக் ஃபைலை வெறும் பேரை மட்டும் குடுத்து "டூ"ங்கற கட்டளை போட்டு லோட் பண்ணியிருந்தாங்க. அது லோட் ஆகலன்னா நிக்காது, ஒரு வார்னிங் மட்டும் வரும், புள்ளி ஸ்லாஷ் போட மறந்துட்டீங்களான்னு மரியாதையா கேக்கக் கூட செய்யும். ஆனா க்ரான்ல (குறிச்ச நேரத்துக்கு ஸ்க்ரிப்டை ஓட்டறது) எரர் அவுட்புட் மொத்தத்தையும் நல்லுக்கு (null, அதாவது குப்பைக்கு) தள்ளி வெச்சிருந்தாங்க. யார் காதுலயும் விழல, ஸ்க்ரிப்ட் டிஃபால்ட் செட்டிங்ல ஜாலியா ஓடிட்டிருந்துது.

மீட்டிங்ல மேனேஜர் சொன்னது, பெர்ல் பழைய மொழி, அன்ஸ்டேபிள், ரீரைட் பண்ணணும். எனக்கு வந்துதே கோபம்! ரெண்டு மாற்றமும் பெர்ல்டெல்டால (ஒவ்வொரு ரிலீஸ்லயும் என்ன மாறுச்சுன்னு சொல்ற குறிப்பு) வருஷக்கணக்கா பட்டவர்த்தனமா எழுதியிருக்குன்னு திறந்து காட்டினேன். இதெல்லாம் யாருங்க படிக்கறதுன்னார். ரீரைட் ஆரம்பிச்சாங்க, அது என்ன ஆச்சுன்னு இங்க எழுதினா என்னைக் கண்டுபிடிச்சிடுவாங்க.

இதுல இன்னொண்ணு, ராத்திரி சப்போர்ட்டுக்கு குடுத்துட்டிருந்த அலவன்ஸை அதே சமயத்துலதான் நிறுத்தினாங்க. அதுக்குப் பதிலா ஸ்பாட் அவார்டுன்னு ஒரு மெயில், அதுல ஒரு கலர் சர்டிஃபிகேட், கீழ யாரோட ஸ்கேன் பண்ண கையெழுத்தோ. கேப் கூட பதினோரு மணிக்கு மேல இருந்தாத்தான் உண்டாம், பத்தரைக்கு வேலை முடிஞ்சா ஆட்டோவுக்கு நம்ம காசு. கேட்டா பாலிசிங்கறாங்க. கேள்விக்கும் இதுக்கும் சம்பந்தமில்லதான், தெரியும், எங்கயாவது சொல்லணும்ல.

பழசை உடைக்கறதுல பெர்ல்காரங்க எவ்வளவு தயங்குவாங்கன்னு பார்க்கணும்னா ஸ்மார்ட்மேட்ச் (ரெண்டு மதிப்பு பொருந்துதான்னு பார்க்கற ஒரு குறி) கதையைப் பாருங்க. 2007-ல 5.10-ல வந்துது, யாருக்கும் முழுசா புரியல, 5.42-ல தூக்கிடறோம்னு அறிவிச்சே ஆச்சு. நிறைய விவாதத்துக்கு அப்புறம் தூக்கல, வேணாம்னா ஆஃப் பண்ணிக்கோங்கன்னு ஒரு ஸ்விட்ச் மட்டும் குடுத்திருக்காங்க. இதைக் கோழைத்தனம்னு சொல்றவங்களும் இருக்காங்க, எனக்கு ராத்திரி ஃபோன் வராம இருந்தா போதும்.

2025 செப்டம்பர்ல டியோப்ங்கற ப்ரோக்ராமிங் மொழித் தரவரிசைப் பட்டியல்ல பெர்ல் பத்தாவது இடத்துக்கு வந்துடுச்சுன்னு ஒரு பரபரப்பு ஓடிச்சு, முந்தின வருஷம் 27. அதை நம்பிக் கத்துக்காதீங்க, அது தேடல் கணக்கு, வேலை கணக்கு இல்ல. அதை விட முக்கியம், சிபேன் (பெர்ல் மாட்யூல்களோட பொதுக் களஞ்சியம்) செக்யூரிட்டி குரூப்புக்கு 2025-ல சிவிஈ நம்பர் (பாதுகாப்பு ஓட்டைகளுக்கான அடையாள எண்) குடுக்கற அதிகாரம் கிடைச்சுது, அதை எவனும் ஷேர் பண்ணல.

அப்ப கத்துக்கலாமா? இருக்கற வேலைக்குத் தேவைன்னா தாராளமா. புது வேலை தேட இதை மட்டும் நம்பாதீங்க, ஓப்பனிங் கம்மி, பொய் சொல்ல மாட்டேன். உங்க ப்ராஜெக்ட்டும் ரெட்ஹாட் 7-லேர்ந்து மாறப்போற கேஸா இருந்தா, சிலபஸெல்லாம் அப்புறம், மொதல்ல ஃபைல் லோட் பண்ற "டூ" எங்கெங்க இருக்குன்னு க்ரெப் போட்டுத் தேடுங்க. "ரிக்வயர்"ங்கற கட்டளைன்னா ஃபைல் கிடைக்கலன்னதும் கத்திட்டு நின்னுடும், இது நிக்காது. க்ரான்ல அந்த நல்லையும் எடுத்துடுங்க.