திருமணத்திற்கு வரும் விருந்தினர்களுக்கு வரலாற்று நகரில் எவற்றைப் பரிந்துரைக்கலாம்?

வெளியூர் விருந்தினர்களுக்குத் திருமண நிகழ்ச்சிகளுக்கு இடையே பெரும்பாலும் அரை நாள்தான் கிடைக்கும் என்பதால், பத்து இடங்களை அடுக்குவதைவிட, தங்குமிடத்திலிருந்து நடந்தே செல்லக்கூடிய பழைய தெருக்களையும் ஒரே ஒரு பெரிய நினைவுச்சின்னத்தையும் பரிந்துரைப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. விடுமுறை நாளை முதலில் பார்த்துவிடுங்கள். தாஜ் மகால் வெள்ளிக்கிழமையும் பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமையும் மூடியிருக்கும். காலையில் வாயில் திறந்ததும் உள்ளே சென்றால் கூட்டம் குறைவாக இருக்கும் என்பதோடு, சாய்வாக விழும் வெளிச்சத்தில் கல்லில் செதுக்கிய ஒவ்வொரு கோடும் தன் நிழலோடு எழுந்து தெரியும். உச்சி வெயிலில் அதே சுவர் தட்டையாகிவிடும்.

உணவுக்கு, நினைவுச்சின்ன வாசலை ஒட்டிய கடைகளை விட்டு, இரண்டு தெரு தள்ளி உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் இடத்தைப் பெயரோடும் திறக்கும் நேரத்தோடும் எழுதிக் கொடுங்கள். முதியவர்கள் வருவதாக இருந்தால், எங்கே படிக்கட்டு அதிகம் என்பதையும் மறவாமல் குறிப்பிடுங்கள்.