மீன் வாங்காத நாற்பது நாள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் தூத்துக்குடியில் வசிக்கிறேன். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலமான தவக்காலம் தொடங்கியதிலிருந்து எங்கள் வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. சிறுவயதிலிருந்தே இதுதான் வழக்கம். வெள்ளிதோறும் காலையில் பட்டினி இருந்து, சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை செபத்துக்குப் போகிறேன். ஆனால் மூன்றாவது வாரம் ஆகியும் உள்ளுக்குள் ஒரு மாற்றமும் தெரியவில்லை. பசியில் பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். போன ஞாயிறு பக்கத்து வீட்டு விசேஷத்தில் இரண்டு துண்டு மீன் சாப்பிட்டுவிட்டேன். அதோடு எல்லாம் போச்சு என்று இருக்கிறது. தெருவில் கூடையோடு வரும் மீன்காரம்மா, "இன்னும் எத்தனை நாளும்மா?" என்று கேட்கிறார். பிடித்ததை விட்டு ஒறுத்தல் செய்தால் மனசு புதுசாகும் என்கிறார்களே, எனக்கு ஏன் ஆகவில்லை? பேசாமல் விட்டுவிடட்டுமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

விட வேண்டாம்.

முதலில் அந்த இரண்டு துண்டு மீன். தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாளான பெரிய சனி வரை எண்ணிப் பாருங்கள், 46 நாள் வரும். ஆறு ஞாயிறுகளைக் கழித்தால்தான் நாற்பது. ஞாயிறு இயேசு உயிர்த்தெழுந்த நாள் என்பதால் மரபுப்படி அது நோன்புக் கணக்கில் சேராது. தவிர, வெள்ளிக்கிழமைகளில் திருச்சபைச் சட்டம் விலக்கச் சொல்வது இறைச்சியைத்தான், மீனை இல்லை. ஆனாலும் நம் கடற்கரை ஆட்கள் பலர் மீனையும் சேர்த்து விடுகிறார்கள். தினமும் தட்டில் இருப்பதை விட்டால்தானே விட்டதாக ஆகும்! யாரும் கட்டாயப்படுத்தாமல் மக்களே எடுத்துக்கொண்ட அந்த வழக்கத்தின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. நீங்கள் எதையும் உடைத்துவிடவில்லை.

அப்புறம் அந்தக் கோபம். திருநீற்றுப் புதனை அடுத்த வெள்ளியன்று திருப்பலியில் பழைய ஏற்பாட்டின் எசாயா நூலிலிருந்து 58-ஆம் அதிகாரம் வாசிப்பார்கள், கேட்டிருப்பீர்கள். நாங்கள் நோன்பிருக்கிறோமே, நீர் ஏன் எங்களைப் பார்க்கவில்லை என்று மக்கள் கடவுளிடம் கேட்கிறார்கள். உங்கள் கேள்வியேதான் அது. நோன்பு நாளிலும் வேலையாட்களை வாட்டுகிறீர்கள், ஒருவரோடொருவர் சண்டை போடுகிறீர்கள் என்று பதில் வருகிறது. பிறகு கடவுள் தமக்குப் பிடித்த நோன்பைச் சொல்கிறார்: கட்டுகளை அவிழ்ப்பது, பசித்தவரோடு உணவைப் பகிர்வது, வீடில்லாதவரை வீட்டுக்கு அழைத்து வருவது. இதெல்லாம் சொன்ன பிறகுதான் விடியல் போல ஒளி எழும், காயம் ஆறும் என்ற வாக்குறுதி வருகிறது. நீங்கள் தேடும் புதுமனசு அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன், வருத்தப்படாதீர்கள். இந்த மூன்று வாரமாக மீன் வாங்காத பணம் எங்கே போனது? பெரும்பாலான வீடுகளில் அது மாதச் செலவோடு கரைந்துவிடும், இல்லையென்றால் ஈஸ்டருக்குத் துணியாகும். மீன்காரம்மா எத்தனை நாள் என்று கேட்டது வேடிக்கைக்காக இருக்காது. உங்கள் தெருவில் பத்து வீடு மீன் நிறுத்தினால் அவர் கூடையில் பத்து வீட்டு வியாபாரம் குறையும். நீங்கள் செய்கிற ஒறுத்தலின் விலையில் ஒரு பங்கை அவரும் கொடுத்துக்கொண்டிருக்கிறார், அதுவும் யாரும் அவரைக் கேட்காமலே.

ஆதித் திருச்சபையில் நோன்புக்கு ஒரு முகவரி இருந்தது. இரண்டாம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரத்துக் கிறிஸ்தவ அறிஞர் அரிஸ்டைடிஸ், கிறிஸ்தவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று ரோமப் பேரரசருக்கு விளக்கி எழுதினார். அவர்களில் ஒருவர் வறுமையில் இருந்து, மற்றவர்களிடமும் மிச்ச உணவு இல்லையென்றால், இரண்டு மூன்று நாள் தாங்கள் பட்டினி கிடந்து அவருக்குக் கொடுப்பார்கள் என்கிறார். நோன்பு, செபம், இரக்கம் மூன்றில் ஒன்றை மட்டும் வைத்திருப்பவரிடம் ஒன்றுமே இல்லை என்று ஐந்தாம் நூற்றாண்டில் இத்தாலியின் ரவென்னா நகர ஆயர் பீட்டர் கிறிசோலோகஸ் மறையுரையில் சொன்னார். கடுமையான பேச்சுதான். ஆனால் எனக்கு அது உண்மையாகப் படுகிறது.

பாலைநிலத்தில் நாற்பது நாள் பசித்திருந்த இயேசு, தம் பசிக்காகக் கல்லை அப்பமாக்க மறுத்தார். அதே இயேசு பிறகு ஐந்தாயிரம் பேரின் பசிக்கு அப்பத்தைப் பெருக்கிக் கொடுத்தார். தவக்காலத்தை இந்த இரண்டையும் சேர்த்துத்தான் நான் புரிந்துகொள்கிறேன். நாம் முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டு, உள்ளே ஏன் இவ்வளவு வறட்சி என்று கேட்கிறோம்.

சரி, இனி என்ன செய்யலாம்? காலையில் சாப்பிடுங்கள். ஒருவேளை மட்டும் முழு உணவு என்ற நோன்பைச் சட்டம் கேட்பது திருநீற்றுப் புதனிலும் பெரிய வெள்ளியிலும் மட்டும்தான். மற்ற நாட்களில் பட்டினி கிடந்து பிள்ளைகளைத் திட்டுவதைவிட இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு அவர்களோடு உட்கார்ந்து பேசுவது நல்லது. மீன்காரம்மாவிடம் தர்மம் என்று எதையும் நீட்ட வேண்டாம், அவர் வியாபாரி. ஈஸ்டருக்கு வேண்டிய மீனுக்கு இப்போதே முன்பணம் கொடுங்கள். வட்டிக்கு வாங்கிச் சரக்கு எடுக்கிறவர்களுக்கு வட்டியில்லாத கைப்பணம் பெரிய உதவி. மீதிப் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது, ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்கள் வீட்டில் அந்த இரண்டு மாதமும் கஷ்டம்தான். உங்கள் கோயில் பங்கிலேயே அப்படி ஒரு குடும்பம் இருக்கும். யாரென்று தெரியாவிட்டால் பங்குத்தந்தையிடம் கேளுங்கள், பிள்ளைகளையும் கூடவே அழைத்துப் போங்கள்.